மாடியில் ஓர் அறை எடுத்த வகையில்

கல்மண்டபம், ராயபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை செங்கொடிக்கு, அண்ணன் சுப்பராயன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். திருப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ நடுவே பேசுவாய். இதில் முடியாது.

அன்பரசனுக்குக் கல்யாணம் ஆன கையோடு, நம் அப்பா கட்டிய இந்த வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை எடுக்கத் தொடங்கியது உனக்குத் தெரியும். இருந்த ஒரே அறையைப் புதுசுகளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் படுத்தோம். மருமகள் மதி ஒரு வாய் தண்ணீர் குடிக்க வந்தாலும் எங்களைத் தாண்டித்தான் வரவேண்டும். பாவம், அது தாகத்தையே விட்டுவிட்டது. இப்படியே போனால் வாடகை வீடு பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் சாவியோ மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மாடிக்கு நமக்கு எப்போதும் மர ஏணிதானே, ஹால் கூரையை உடைத்துப் படிக்கட்டு இறக்கலாம் என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். "ஹால்ல உத்தரம் போவுது நைனா, கை வெச்சா வூடே குந்திக்கும்" என்று சொல்லிவிட்டு, புதுசுகளின் அறைக் கூரையில் ஓட்டை போட்டார். மறுநாள் காலை மதி கண்ணைத் திறந்தால் மேலே ஒரு முகம். சித்தாள் ராமசெல்வி. "இன்னாம்மா, எய்ந்துட்டியா? குடிக்கத் தண்ணி கீதா?" மதி போட்ட சத்தத்தில் அன்பரசன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தான்.

அதைக்கூட அந்தப் பெண் சிரித்துப் பொறுத்துக்கொண்டது. அப்புறம் மழை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள், ஓட்டையை நன்றாக மூடுங்கள் என்றேன். "அது கப்பலுக்கு நைனா, நமக்கு இல்ல" என்றார் சாவியோ. தார்ப்பாய் பறந்துபோய் எதிர்வீட்டு ஜூடியம்மா வீட்டு ஜன்னலில் மாட்டிக்கொள்ள, கல்யாணத்துக்கு வந்த மெத்தை ஊறி இட்லி மாதிரி உப்பிவிட்டது. மதி புடவைத் தலைப்பைப் பிழிந்தபடி, "மாமா, நான் வியாசர்பாடிக்கு, அம்மா வூட்டுக்குப் போறேன்" என்றது. நானே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். அன்பரசனும் மணலியில் ஷிப்ட் முடித்து நேராக அங்கேயே போக ஆரம்பித்தான்.

கான்கிரீட் போடும் அன்றைக்கென்று பின்தெருவில் ஒரு பெரியவர் காலமாகி, மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்தார்கள். தெருவை அடைத்துக்கொண்டு நம் கலவை மெஷின். வண்டி நகர முடியாமல் சாவு ஊர்வலம் நம் வாசலிலேயே நின்றது. மேளம் அடித்ததும் நம் ஆட்கள் சட்டியைப் போட்டுவிட்டு ஆட இறங்கினார்கள். சாவியோ, "நம்ம தோஸ்து நைனா, இட்டுப் போய் வுட்டுட்டு வந்துர்றேன்" என்று மாலையோடு வண்டியில் ஏறிவிட்டார். அவர் திரும்பும்வரை உள்ளே இருந்த கலவை சும்மா இருக்குமா? கல்லாகிவிட்டது. மெஷினைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து யாரோ ஒருவர் என் தோளைத் தட்டி, "அழுவாத நைனா, கல்யாணச் சாவு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

எப்படியோ அறை முடிந்து சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. மேலே யாரும் இல்லை. கீழே நானும் அண்ணியும் ஆளுக்கொரு மூலையில் சிமெண்ட் தூசியில் இருமிக்கொண்டிருக்கிறோம். தினமும் மேலே போய் அந்தக் காலி அறையைப் பெருக்கிவிட்டு வந்து அண்ணி எனக்கு டீயை வைத்துவிட்டுப் போகிறாள், அதுதான் தாங்கவில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று நீ வருஷக்கணக்காகச் சொன்னதற்குச் சண்டை போட்டேன். இனிப் போடமாட்டேன், தெம்பும் இல்லை. அடுத்த வாரம் புரோக்கரைக் கூட்டி வா, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். இந்த ஜென்மத்தில் இனிச் செங்கல்லைக் கையால் தொடமாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக மேஸ்திரி வாசனையே படாமல், நன்றாக இருக்கட்டும்.

உன் அண்ணன்,
சுப்பராயன்

பி.கு.: கவரை ஒட்டும்போது வாசலில் ஆட்டோ. மதி! கையில் மிக்சி, பின்னால் தலையில் மெத்தையோடு அன்பரசன். "அம்மா வூட்ல மூச்சு வுட எடமில்ல மாமா" என்று விறுவிறுவென்று மாடி ஏறிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, இந்தப் பக்கம் ஜன்னலே இல்ல? செவுத்த ஒடச்சு ஒண்ணு வைங்க, ஹார்பர் கிரேன்லாம் தெரியும், காத்து பிச்சுக்கும்" என்கிறது. சாவியோவைக் கூப்பிட அண்ணியே போயிருக்கிறாள். புரோக்கர் வேண்டாம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மட்டும் வாருங்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியதைக் கிழிக்க மனசில்லை, அப்படியே அனுப்புகிறேன். மேலே உள்ளதைப் படிக்காதே.