வளையானந்தரின் வெற்றிப் பட்டை

கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்துப் போட்டிக்கு முன்பெல்லாம் ஆட்டக்காரிகளின் அம்மாக்கள் வருவார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் வருவார்கள். அவ்வளவுதான் கூட்டம். இந்த வருஷம் அரங்கத்தில் நிற்க இடமில்லை. ஆட்டம் அவ்வளவு பிரமாதம் போலிருக்கிறது என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். கூட்டத்துக்குக் காரணம் வளையானந்தர்.

அரங்கத்துக்கு எதிரே ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கடை மாடியில் ஓர் அறை. அறையில் ஒரு சுழல் நாற்காலி, சுவரில் ஒரு கூடைப்பந்து வளையம், வளையத்துக்குக் கீழே தாடியும் முழுக்கை வெள்ளைச் சட்டையுமாக அவர். பிறந்ததிலிருந்து ஒரு பந்தைக்கூட எந்த வளையத்திலும் போட்டதில்லை. ஆனாலும் பந்து உள்ளே போவதும் வெளியே விழுவதும் தன் அருளால்தான் என்பார். நம்புகிறவர்களின் மணிக்கட்டில் தன் கையாலேயே ஒரு துணிப் பட்டை மாட்டிவிடுவார். வியர்வை துடைக்க ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொள்வார்களே, அதே மாதிரி இறுக்கமான துண்டுத் துணி. இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கரை. பெயர் வெற்றிப் பட்டை. கட்டணம் கிடையாது, காணிக்கைதான். எவ்வளவு காணிக்கை என்று கதவிலேயே அச்சடித்து ஒட்டியிருந்தது.

பட்டைக்குச் சட்டதிட்டங்களும் உண்டு. போட்டி முடியும் வரை கழற்றக் கூடாது. உள்பக்கத்தைப் பார்க்கவே கூடாது. எதிர் அணி ரசிகர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது, அதிர்வு கலந்துவிடுமாம். கூட்டத்தில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஏன் என்று ஒருத்தராவது கேட்கவேண்டுமே! ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே குளித்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பட்டையின் நாற்றம் தாங்காமல் எழுந்து போனதைக்கூட, "பார்த்தீங்களா, கெட்ட சக்தி விலகிப் போகுது" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

பெரிய காலேஜின் நிறம் நீலம். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் எல்லாம் கோப்பை அவர்களுக்குத்தான். அதன் ரசிகர் மன்றத் தலைவர் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார். அவருடைய அண்ணன் மகள்தான் அணியின் நட்சத்திர ஆட்டக்காரி. உயரத்தைப் பார்த்து எல்லோரும் அவளை நெட்டை என்றே கூப்பிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஃபீஸ் கட்டாமல் படிக்கிறவள். அணியில் இடம் இல்லை என்றால் அடுத்த வருஷம் படிப்பும் இல்லை.

சின்ன காலேஜின் நிறம் மஞ்சள். அவர்களுக்குச் சிமென்ட் தரையும் துருப்பிடித்த ஒரே ஒரு வளையமும்தான் உண்டு. அதன் கேப்டன் ஒரு குள்ளப் பெண், பெயர் சுண்டெலி. லீக் ஆட்டத்தில் இந்தச் சுண்டெலி கூட்டம் பெரிய காலேஜைத் தோற்கடித்துவிட்டது! கடைசி நொடியில் நெட்டைக்கு, யாரும் குறுக்கே வராமல் நின்று போடுகிற ஒரு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. போட்டிருந்தால் சமன். பந்து வளையத்தை ஒரு சுற்று சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது.

நீலக் கூட்டத்தில் ஒருவர் தன் பட்டையையே வெறித்துப் பார்த்தார். இன்னொருவர் பக்கத்திலிருந்தவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடிந்ததும் மொத்தக் கூட்டமும் மாடிப்படி ஏறியது.

வளையானந்தர் கண்ணை மூடினார்.

"பட்டை தோற்கல. பட்டையைத் தூக்கி எறிஞ்சவ உங்க டீம்லயே ஒருத்தி இருக்கா. அவ இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஜெயம் கிடையாது."

அந்த லீக் ஆட்டத்துக்கு முன்னால், சீருடையோடு சேராத எதையும் ஆட்டக்காரிகள் கையில் மாட்டக் கூடாது என்று ரெஃப்ரி ஐந்து பேரையும்தான் கழற்றச் சொன்னார். மற்ற நாலு பேரும் பார்க்காமலே மெதுவாக உருவிப் பைக்குள் வைத்தார்கள். நெட்டை ஒரே இழுப்பில் பிடுங்கித் தன் பையில் எறிந்தாள். அது போதாதா? பழி போட ஆள் கிடைத்துவிட்டது.

லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் இதே இரண்டு காலேஜும்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஃபைனலில் மறுபடியும் மோதவேண்டும். அதற்குள் வாத்தியார் அண்ணன் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"மன்றத்துல முடிவு பண்ணிட்டோம்மா. ஃபைனல்ல நீ ஆட வேணாம். கோச் மேடம்கிட்டயும் சொல்லியாச்சு."

"என்னை டீம்ல இருந்து எடுக்க நீங்க யாரு சித்தப்பா?"

"நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். திரும்பவும் தோத்தா ஜனங்க உன்னைச் சும்மா விடுவாங்களா?"

"எதுக்குடி வம்பு, ஒரு நாள் உட்கார்ந்துட்டுப் போயேன்" என்றாள் அம்மா, துணி மடித்தபடியே.

"ஒரு நாள் உட்கார்ந்தா நாளைக்குக் கோட்டாவே போயிடும்மா!" என்று கத்திவிட்டு நெட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ராசி இல்லாதவள் என்று சொந்தச் சித்தப்பாவே சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

நெட்டையின் அக்கா பல் டாக்டர். மறுநாள் அவளுடைய கிளினிக்குக் கன்னம் வீங்கிய ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை.

"இது என்னங்க?"

"வெற்றிப் பட்டை டாக்டர். என் பொண்ணுதான் சின்ன காலேஜ் கேப்டன். பெரிய காலேஜையே கவுத்தாளே! எல்லாம் வளையானந்தர் புண்ணியம்."

அக்காவின் கையில் ஊசி நின்றது. "அவர் நீலத்துக்குத்தானே பட்டை குடுக்கிறார்?"

"சேச்சே! எங்களுக்கு மட்டும்தான். பின்பக்கப் படி வழியா வரச் சொல்வார். முன்பக்கத்துல எதிரிங்க மூச்சுக் காத்து இருக்காம்."

"சரி, அதைக் கழட்டுங்க. நாத்தம் தாங்கல."

"உயிரே போனாலும் கழட்ட மாட்டேன்."

அக்கா சொத்தைப் பல்லை ஒரு தட்டுத் தட்டினாள். உயிர் போய்த் திரும்பி வந்தது. கண்டக்டர் பட்டையை ஒரே இழுப்பில் உருவினார். இறுக்கமான பட்டை அல்லவா, உருவிய வேகத்தில் உள்பக்கம் வெளியே வரும்படித் திரும்பிக்கொண்டது.

நீலம்!

"ஐயோ, எதிரிக் கலர்!" என்று அலறினார் மனிதர். வாயில் பஞ்சு இருந்ததால் அது "ஐயோ, எகிகி கக" என்றுதான் கேட்டது.

அக்கா அன்றைக்கே வீட்டுக்குப் போய்த் தங்கையின் பையைக் குடைந்தாள். அடியில் கசங்கிக் கிடந்தது பட்டை. வெளிப்பக்கம் மஞ்சள், உள்ளே நீலம். ஒரே சரக்குக்கு இரண்டு முகம். எந்த அணி படி ஏறி வருகிறதோ, அந்த நிறத்தை வெளியே திருப்பி மாட்டிவிட வேண்டியது. எந்த அணி ஜெயித்தாலும் அவருக்கு வெற்றி! சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்:

"லிட்மஸ் தாள் ஆசிட் பட்டா நிறம் மாறுது இல்ல? அதே தத்துவம்தான். இவ சந்தேகப்பட்டதுல பட்டை நிறம் மாறிடுச்சு."

இருபது வருஷமாக இவரிடம் கெமிஸ்ட்ரி படித்த பிள்ளைகளை நினைத்தால்தான் நமக்குப் பாவமாக இருக்கிறது.

"அப்ப சந்தேகப்படாதவங்க பட்டை மாறியிருக்காது. உங்களோடதைத் திருப்பிக் காட்டுங்க சித்தப்பா."

"அது... பார்க்கக் கூடாதும்மா" என்று கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் பிதுங்கியது. ஒரு பக்கம் நீலம், எதிர்ப்பக்கம் மஞ்சள். இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்ததே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. வளையானந்தர் முன்வாசலில் நீலத்தை ஆசீர்வதித்தார். பிறகு "கட்டடத்தைச் சுற்றி வந்து அதிர்வை எழுப்பணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பின்வாசலில் மஞ்சளுக்கும் அதிர்வு எழும்பியது. ஒரு சுற்று முடித்து மறுபடியும் நீலத்தின் பக்கம் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். சட்டைக்கை ஓரத்தில் அவருடைய நீலப் பட்டை எட்டிப் பார்த்தது. நெட்டை மட்டும் ஜெர்சி இல்லாமல் பெஞ்சில் குனிந்திருந்தாள்.

ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் அக்கா நேராக அவர் முன்னால் போய் நின்றாள். எதிர்ப்பக்கத்திலிருந்து கண்டக்டரும் இறங்கி வந்தார். பல் பிடுங்கியாகிவிட்டது, குரலும் திரும்பிவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் அது.

"ஐயா, பட்டையோட உள்பக்கம் வேற கலரா இருந்தா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள் அக்கா.

வளையானந்தர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் லிட்மஸ் விளக்கத்தை ஏற்கனவே அவரிடம் சொல்லியிருந்தார். அவருக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது.

"மாட்டியிருக்கிறவன் மனசுல சந்தேகம் இருக்குன்னு அர்த்தம். சுத்தமான மனசுன்னா மாறவே மாறாது."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று கண்டக்டர் அரங்கமே அதிரக் கத்தினார். "சந்தேகம் இல்லாதவங்க பட்டையைத் திருப்புங்க!"

ஒருவரும் அசையவில்லை. தன் பட்டை மாறியிருந்தால் மானம் போகுமே என்று எல்லோருக்கும் பயம். அவரவர் மணிக்கட்டை அவரவரே இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

"சரி, சந்தேகமே இல்லாத ஒருத்தர் இங்க இருக்காரே" என்றாள் அக்கா. "நீங்க உங்களோடதைத் திருப்புங்க ஐயா."

வளையானந்தர் முழுக்கைச் சட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டார். "எனக்குத் தியான நேரம் ஆச்சு" என்று எழுந்தார்.

அப்போதுதான் வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் பொண்ணு மாதிரி வளர்ந்தவ உங்களை அவமானப்படுத்துறா, நான் பார்த்துக்கிட்டு இருப்பேனா? கையைக் குடுங்க ஐயா, இவங்க மூஞ்சியில கரியைப் பூசுறேன்!"

வளையானந்தர் கையை இழுத்துக்கொண்டார், வாத்தியார் விடவில்லை. சட்டைக்கையை மேலே தள்ளிப் பட்டையை ஒரே உருவாக உருவித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார் வாத்தியார்.

பளிச்சென்று மஞ்சள்.

உலகத்திலேயே வளையானந்தரைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் வளையானந்தர்தான் என்று ஆகிப்போனது. அப்புறம் யார் பயப்படுவார்கள்? அரங்கம் முழுக்கச் சரக் சரக்கென்று பட்டைகள் கழன்றன. நீலப் பக்கம் பூராவும் மஞ்சள்! மஞ்சள் பக்கம் பூராவும் நீலம்! "உனக்கு எந்தப் படி?" "முன்பக்கம். உனக்கு?" என்று ஜென்மத்தில் பேசாதவர்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் வளையானந்தரை வாட்ச்மேன் வாசலில் மடக்கிவிட்டார். பாவம், அவரும் ஒரு பட்டை வாங்கியிருந்தார்.

வாத்தியார் கையில் இருந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லிட்மஸ் இல்ல போலிருக்கே" என்று முணுமுணுத்தார்.

சுண்டெலி தன் அப்பாவிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பா, விடியக்காலையில எழுந்து ஓடினது நான். முட்டி பேர்ந்தது எனக்கு. ஊர் பூரா அந்த ஆளாலதான் ஜெயிச்சோம்னு சொல்லிட்டு வந்தீங்களே, எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவ்வளவு பெரிய குரல்காரரான கண்டக்டர் குனிந்து மகளின் தலையைத் தடவினார்.

"அவ சொல்றதுதான் நிஜம்" என்றாள் நெட்டை, பெஞ்சிலிருந்து எழுந்து. "இடது பக்கம் என்னை ஒரு அடி நகர விடல. அதனாலதான் தோத்தோம். கடைசிப் பந்து, நான்தான் அவசரப்பட்டு எறிஞ்சுட்டேன். இதுல ராசி எங்க இருந்து வந்துச்சு?"

கோச் மேடம் தரையைப் பார்த்தபடியே ஜெர்சியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ஆட்டம் அனல் பறந்தது. நெட்டை இந்தத் தடவை வலது பக்கமாகவே புகுந்தாள். ஒரு வாரமாக ஒற்றை ஆளாய்ப் பழகியிருந்தாள். சுண்டெலியும் லேசில் விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் பெரிய காலேஜ் ஜெயித்தது. இரண்டு பெண்களும் மூச்சு வாங்க, கை கோத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

அங்கே நீலச் சட்டைக்காரர் ஒருவர் தன் நண்பரின் தோளைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பார்த்தியா, பட்டையைக் கழட்டினோம், உடனே ஜெயிச்சோம். இனிமே வெறுங்கையோடதான் வரணும்!"

இரண்டடி தள்ளி மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டார்:

"கழட்டாம இருந்திருந்தா கோப்பை நமக்குத்தான்."

நெட்டை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, நாங்க பத்துப் பேர் உள்ள ஆடிக்கிட்டு இருந்தோமே, அதை யாராவது பார்த்தீங்களா?"

இருவரும் அவரவர் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நகர்ந்தார்கள். படிக்கிற நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்ததும் உங்கள் மணிக்கட்டையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.