இரண்டே முக்கால் சுற்று

“ஃபெயில்” என்றான் ஸிபான்.

புகைப் பரிசோதனை நிலையத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. யாரிடம் அந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது.

திவாகரன் கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளை வாய் தவறிப் பேசினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார்.

“தம்பி, மெஷினைக் கொஞ்சம் பாருங்க.”

“மெஷின் சரிதான் சேர். காலையிலருந்து பதினொரு வாகனம் பார்த்தாச்சு.”

“அதான் களைச்சுப் போயிருக்கு. ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாறேன், அதுக்குள்ள ஆறிரும்.”

பிளேன்டீ ஆறியது, இயந்திரமும் ஆறியது. முடிவு மட்டும் ஆறவில்லை. புகையில் நச்சு வாயு அனுமதிக்கப்பட்ட அளவைப்போல ஒன்றரை மடங்கு இருப்பதாக இரண்டாம் முறையும் அச்சடித்துக் கொடுத்தது.

திவாகரன் வயிற்றுக்காகக் கண்டி மாநகர சபையின் சுகாதாரப் பிரிவில் எழுதுவினைஞர். ஆனால் குண்டசாலையில் அவரைத் தெரிந்த எவரிடமும் அவர் அப்படி அறிமுகமானதில்லை. “பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கா? கார்ப்பரேட்டரா? என்கிட்ட கொண்டாங்க” என்பதுதான் அவருடைய வணக்கம். அவரிடமிருந்தது அறுநூறு சீ.சீ. சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக். நான்கு சிலிண்டர், நான்கு கார்ப்பரேட்டர், வயது இருபத்தைந்துக்கு மேல். வெயிலில் நிறுத்தினால் சிவப்பு வெளுத்துவிடும் என்பதால் வார நாட்களில் அது வீட்டில் இருக்கும், திவாகரன் பஸ்ஸில் தொங்குவார்.

நான்கு வருடமாக அந்த பைக் புகைப் பரிசோதனையில் முதல் தடவையிலேயே தேறி வந்தது. அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு கார்ப்பரேட்டரிலும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சின்ன ஸ்க்ரூவைக் கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டபடி, இரண்டே முக்கால் சுற்று வெளியே திருகுவார். பிறகு இட்லி மாவைப் புளிக்க விடுவதுபோல மூன்று நாள் பைக்கைத் தொடாமல் வைப்பார். “செட் ஆகணும்” என்பார். நான்காம் நாள் லீவு போட்டுக் கொண்டு போனால் பாஸ்.

இந்த வருடம் விஷயம் வேறு. திவாகரன் உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பைக் திருத்தும் கராஜ் திறக்கத் தீர்மானித்திருந்தார். பெயர்ப்பலகைகூட எழுதியாகிவிட்டது. மனைவி சர்மிளா, பாலர் பாடசாலை ஆசிரியை, முழுதாக மூன்று நாள் யோசித்து ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

“இந்த வருசமும் உங்க கையால டியூன் பண்ணி எமிஷன் பாஸாச்சுன்னா நாளைக்கே வேலையை விடுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பாஸாகல்லன்னா பென்ஷன் எடுக்கிற வரைக்கும் கந்தோர்க் கதிரையை விட்டு எழும்பக்கூடாது. சம்மதமா?”

“ஒரு தடவையே போதும், சர்மி.”

“பாவம், மூணு தடவை வச்சுக்கங்க” என்று பெரிய மனதோடு சொன்னாள் சர்மிளா.

முதல் தடவை போய்விட்டது.

வீட்டுக்கு வந்த திவாகரன் பைக்கின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். குற்றவாளி தன் ஸ்க்ரூவாக இருக்க முடியாது என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆகவே வேறு குற்றவாளியைத் தேடினார். டாங்கிக்குக் கீழே கறுப்பாக ஒரு டப்பா இருந்தது. அதிலிருந்து நாலைந்து ரப்பர் குழாய்கள் போயின.

“சர்மி, இங்க வா. இது என்ன தெரியுமா? கரி டப்பா. பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்கிறது. இந்த பைக் கலிஃபோர்னியாவுக்குன்னு செஞ்சது. வேற நாட்டுக்குப் போன இதே பைக்ல இந்த டப்பா கிடையாது. அமெரிக்காக்காரனுக்குப் புகைன்னா பயம். கண்டிக் காத்துக்கு இது என்னத்துக்கு?”

“நாலு வருசமா அதோடதானே பாஸாச்சு?”

“நாலு வருசமா என் கை அதைச் சமாளிச்சிச்சு.”

டப்பா கழன்றது. பைக்கைக் கிளப்பியதும் எஞ்சின், யாரும் ஆக்ஸிலரேட்டரை முறுக்காமலே, பேராதனை ஏற்றத்தில் போவதுபோல வீரிட்டது. கழற்றிய குழாய்களில் ஒன்று வாய் திறந்தபடி கண்ட காற்றையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது. திவாகரன் சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியை எடுத்து அந்த ஓட்டையில் அடைத்தார். எஞ்சின் அடங்கியது. மறுநாள் கந்தோரில், மூடியில்லாத பேனாவால் அவர் சட்டையில் மை வழிந்திருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வெற்றி கண்டவன் கை சும்மா இருக்குமா? எஞ்சினின் மேலே இரண்டு வால்வுகள் இருந்தன. சுத்தமான காற்றை இழுத்து, வெளியேறும் புகைக்குள் விடுவது அவற்றின் வேலை.

“பார்த்தியா கள்ளத்தனத்தை? புகையில காத்தைக் கலந்து கணக்குக் காட்டுறான். இதுக்குப் பேர் கலப்படம். நான் சுகாதாரப் பிரிவுல இருந்துகிட்டு என் வீட்டுலயே கலப்படத்தை அனுமதிக்கிறதா?”

சர்மிளா வெங்காயம் உரித்தபடியே கேட்டாள். “எரியாம மிச்சமா வர்ற பெட்ரோலை அந்தக் காத்துதானே எரிக்குது? அதை அடைச்சா நச்சு கூடாதா?”

திவாகரனுக்குச் சிரிப்பு வந்தது. “யூடியூப் பார்த்தியா?”

“சும்மா கேட்டேன்” என்று சர்மிளா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

டின்பால் டப்பாவை வெட்டி இரண்டு தகடு செய்து, வால்வு இரண்டையும் அடைத்தார். மூன்று நாள் செட் ஆக விட்டார். நான்காம் நாள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போனார்.

“ஃபெயில் சேர்” என்றான் ஸிபான். இந்த முறை குரலில் கொஞ்சம் பயமிருந்தது. “போன தடவையைவிட ரெண்டு மடங்கு.”

“ரெண்டு மடங்கா? அப்ப ஏதோ வேலை செய்யுதுன்னு அர்த்தம்!” என்றார் திவாகரன். நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அது அவரிடம்தான் இருக்க வேண்டும்.

மிஞ்சியது ஒரே ஒரு தடவை. இப்போது அவருக்கு ஒரு பேருண்மை புலப்பட்டது. கார்ப்பரேட்டரே கலிஃபோர்னியாக் கார்ப்பரேட்டர்! பெட்ரோலைக் கஞ்சத்தனமாக விடும்படி சின்னத் துளை வைத்துச் செய்தது. வத்தேகமயில் பழைய பைக் உதிரிப் பாகங்கள் விற்கும் நிஸாமிடம் இதே பைக்கின் சாதாரண மொடல் கார்ப்பரேட்டர் நான்கும் இருந்தன.

“இது வேற மொடல் மச்சான், ஜெட் துளை பெரிசு. பெட்ரோல் கூடப் போகும்” என்றார் நிஸாம். “எமிஷனுக்கா கேக்கிறீங்க? வேணாம்.”

“நிஸாம், சாப்பாடு குறைஞ்சா மனுசனுக்கு என்ன ஆகும்?”

“பசிக்கும்.”

“பசிச்சா?”

“கோவம் வரும்.”

“அந்தக் கோவந்தான் புகையா வருது. வயிறு நிறையக் குடுத்துப் பாருங்க, புகையே வராது.”

நிஸாம் காசை எண்ணி வாங்கினார். கார்ப்பரேட்டரை ஒரு பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுத்துவிட்டு, “அல்லாஹ் பாதுகாக்கட்டும்” என்றார். பைக்கையா திவாகரனையா என்று சொல்லவில்லை.

புதிய கார்ப்பரேட்டர் நான்கும் ஒரே அளவில் மூச்சு விடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கருவி இல்லை. திவாகரன் ஃபார்மஸியில் சேலைன் ஏற்றும் குழாய் நான்கு வாங்கி, ஒரு பலகையில் வரிசையாகக் கட்டி, எஞ்சின் ஒயிலை ஊற்றி, எஞ்சினோடு பொருத்தினார். நான்கிலும் ஒயில் ஒரே மட்டத்தில் நின்றால் நான்கும் சமம். யோசனை என்னவோ சரிதான். முறுக்கியதுதான் கொஞ்சம் கூடிவிட்டது. எஞ்சின் ஒரே இழுப்பில் நான்கு குழாய் ஒயிலையும் உறிஞ்சிக் குடித்தது.

அடுத்த நிமிடம் வெள்ளைப் புகை எழும்பி வீட்டை மூடியது. மதிலைத் தாண்டி ஒழுங்கை முழுவதும் நிறைந்தது. ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அன்னலட்சுமி தெருவுக்கே ஓடிவந்துவிட்டாள்.

“ஏன் தம்பி, சுகாதாரப் பிரிவுல இருக்கீங்க, டெங்குப் புகை அடிக்கப் போறோம்னு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சோத்துப் பானையைக்கூட மூடல்லயே!”

திவாகரன் புகைக்குள்ளிருந்து கம்பீரமாக வெளிப்பட்டார். “அவசர நடவடிக்கை அக்கா. நுளம்பு கூடிப்போச்சு.”

மாலையில் அடுத்த ஒழுங்கைக்காரர்கள் இரண்டு பேர் வந்து, தங்கள் பக்கம் எப்போது அடிப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சர்மிளா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். அன்று முழுவதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே திரிந்தாள். புகை தொண்டையைக் கரிக்கிறது என்றாள்.

அன்றிரவு திவாகரனுக்கு முதல்முறையாகத் தூக்கம் வரவில்லை. கராஜ் போய்விடுமோ? இன்னும் பதினைந்து வருடம் கந்தோரில் தூசி படிந்த கோவைகளுக்கு நடுவில் தும்ம வேண்டுமோ? அந்த நினைப்பே அவருக்குத் தாங்கவில்லை. எழும்பிப் போய் நான்கு ஸ்க்ரூவையும் மறுபடி இரண்டே முக்கால் சுற்றுத் திருகிவிட்டு வந்தார். மனம் நிம்மதியானது.

மூன்றாம் தடவை பைக் பரிசோதனை நிலையத்துக்கு வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்தது. வரிசையில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் தானாகவே இடம் விட்டார். ஸிபான் குழாயைப் பைக்கின் பின்பக்கம் செருகினான். இயந்திரத்தின் எண்கள் ஏறின, ஏறின, பிறகு ஏற இடமில்லாமல் நின்றன.

“சேர்…” என்று ஆரம்பித்தான்.

“பேசாதீங்க தம்பி. உங்களுக்கு அனுபவம் பத்தாது. ஜீவன் எங்க?”

ஜீவன் அந்த நிலையத்தின் பழைய ஆள். நான்கு வருடமும் திவாகரனின் பைக்கைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தவன். கல்யாண லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தான். உள்ளே பதிவேடு பார்த்துக்கொண்டிருந்தவனைத் திவாகரன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். அவனைக் கண்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பியிருந்தது. நீதி கேட்க இதைவிட நல்ல சாட்சி யார்?

“ஜீவன், நாலு வருசம் நீங்கதானே டெஸ்ட் பண்ணினீங்க?”

“ஆமா சேர்.”

“நாலு தடவையும் முதல் தடவையிலேயே பாஸ்தானே?”

“பாஸ்தான் சேர். ஒரு குறையும் சொல்ல முடியாது.”

“அப்ப பிழை மெஷின்லயா, என் டியூனிங்லயா? இருங்க, இதை என் வீட்டுக்காரியும் கேக்கணும்.” திவாகரன் ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். “சர்மி, ஜீவன் பேசுறார். இத்தனை வருசம் இந்த பைக் எப்படிப் பாஸாச்சுன்னு அவர் வாயாலயே கேளு. சொல்லுங்க ஜீவன்!”

“ஹலோ?” என்றது ஃபோன்.

ஜீவனின் முகம் மலர்ந்தது.

“அட, அக்கா நீங்களா! வருசா வருசம் சேர் வர்றதுக்கு முதல் நாள் நீங்கதானே இந்த பைக்கை ஓட்டிட்டு வந்து, நாலு கார்ப்பரேட்டரையும் சரிபண்ணி, டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுப் போவீங்க, இந்த முறை ஏங்க்கா வரல்ல?”