பதினான்கு பக்க மாப்பிள்ளை

கொஞ்சம் படிப்பும் கொஞ்சம் அதிகாரமும் ஒரே நேரத்தில் கைக்கு வந்தால் ஆளுக்குத் தலைகால் புரியாது. ஊரைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். என் அக்காவின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது நகையோ ஜாதகமோ அல்ல (நாங்கள் கத்தோலிக்கர்கள், ஜாதகம் பார்ப்பதில்லை, பார்ப்பவர்களும் வெளியே சொல்வதில்லை). ரஷ்யா மேல் பல நாடுகள் போட்ட பொருளாதாரத் தடைதான் கெடுக்கப் பார்த்தது. எங்கோ கிடந்த அந்தத் தடையை ஈசூனில் எங்கள் வீட்டு வரவேற்பறை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்த புண்ணியவதி நான்.

அப்போது நான் வங்கிகள் வரிசையாக நிற்கும் ஷென்டன் வேயில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெரும் பணக்காரர்களின் சொத்தை அவர்களுக்காகப் பராமரிக்கும் நிறுவனம். வருகிற ஆள் யார், பணம் எந்த வழியில் வந்தது என்று துருவிப் பார்ப்பது என் வேலை. முதல் சில மாதம் ஈ ஓட்டினேன். பிறகு உக்ரைனில் போர் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு பட்டியல் வந்தது. இந்த இந்த ஆட்களின் பணத்தைத் தொடாதே என்று. மேலதிகாரிகளே என் மேசைக்கு வந்து, "இந்தப் பேரைக் கொஞ்சம் பாரேன்" என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். எனக்குக் கொம்பு முளைத்தது அப்போதுதான்.

இரண்டு நாள் பயிற்சி வேறு கொடுத்தார்கள். தீவு அளவுக்கு ஒரு சொகுசுப் படகு இருக்குமாம். காகிதத்தில் அது மச்சினன் பெயரில் இருக்குமாம். தனி விமானம் இருக்குமாம்; அது ஒரு கம்பெனியின் பெயரில், அந்தக் கம்பெனி வீட்டுச் சமையல்காரரின் பெயரில். "எதையும் அப்படியே நம்பாதீர்கள்" என்றார் பயிற்சி கொடுத்தவர். நான் அவர் சொன்னதை அலுவலகத்தோடு விட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

"அம்மா, இந்த டப்பா எங்கிருந்து வந்துச்சு?"

"பக்கத்து வீட்டுப் பாத்திமா ரெண்டாங் கறி குடுத்து விட்டா."

"எதுக்குக் குடுத்தாங்க? பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறாங்க?"

"நீ வாயை மூடிட்டுச் சாப்பிடணும்னு எதிர்பார்க்கிறா."

இந்த லட்சணத்தில்தான் அக்காவுக்கு வரன் வந்தது. அக்கா ரோஸ்லின் நர்ஸ். முப்பத்து மூன்று வயது. அதுவரை வந்த வரன்களை எல்லாம் 'ம்ஹும்' என்ற ஒரே சொல்லில் அனுப்பிவைத்தவள். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்தது அவளுடைய இரவு ஷிப்டுகள்தான். அவள் கல்யாணம் நன்றாக நடக்க வேண்டும் என்று வீட்டில் அம்மாவைவிட அதிகமாக ஆசைப்பட்டது நான் என்றுகூடச் சொல்வேன். (செய்த காரியத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.)

வரனைக் கொண்டுவந்தவர் பிலோமினா ஆன்ட்டி. லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோட்டு மாடியில் ரவிக்கை தைப்பவர். அளவு எடுத்துக்கொண்டே வரன் சொல்வது அவர் வழக்கம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணால் உடனே மறுத்துப் பேச முடியாது. மாப்பிள்ளை பெயர் விக்டர். வீடு புக்கிட் மேரா. ஒரே பிள்ளை. விமானங்களை வாங்கி, மற்ற நாட்டு விமான நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகிற கம்பெனியில் இன்ஜினியர். வாடகைக்குப் போன விமானம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை.

அக்காவும் அவரும் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இரண்டு தடவை டீ குடித்தார்கள். இரண்டாவது தடவை போய்விட்டு வந்தவள், பாத்திரம் கழுவும்போது தனியாகச் சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. அவரு மூணு பிளேனைத் தொலைச்சிட்டாராம்."

எனக்கு வாயில் போட்ட சோறு இறங்கவில்லை. "எங்க தொலைச்சாரு?"

"ரஷ்யால. வாடகைக்கு விட்டாங்களாம். தடை வந்ததும் திருப்பிக் கேட்டிருக்காங்க, அவங்க தரல. பாவம்டி, மூணுக்கும் பேரு வச்சிருந்தாராம்."

அக்காவுக்கு அது சிரிப்பு. எனக்குள் அபாய மணி அடித்தது. ரஷ்யா, விமானம், திரும்பி வராத சொத்து! மூன்றும் ஒரே மனிதரிடம்.

அன்று ராத்திரி படுக்கப் போகும்முன் அம்மா என்னிடம், "அப்பா இல்லாத வீடு. நாமதான் நாலு இடத்துல விசாரிக்கணும். கோயில்ல கேளு. அவங்க பிளாக்ல யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு பாரு" என்றார். எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். பையன் குடிப்பானா, அம்மாக்காரி சண்டைக்காரியா என்று காதும் காதும் வைத்தாற்போல் நாலு பேரிடம் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. அறிக்கை எழுதினேன்.

அலுவலகத்தில் எழுதுவது போலவே, ஆங்கிலத்தில், தலைப்பு, துணைத்தலைப்பு, படங்கள், அடிக்குறிப்பு எல்லாம் போட்டுப் பதினான்கு பக்கம். (அலுவலகக் கணினியில் அவர் பெயரைத் தட்டிப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு மட்டும் கடவுள் புத்தி கொடுத்திருந்தார்.) விக்டர் இணையத்தில் போட்டிருந்த படங்களை எல்லாம் தோண்டினேன். ஒரு படத்தில் ரோமத் தொப்பி போட்ட ஒரு தடியர் அவர் தோளில் கை போட்டிருந்தார். 'செல்வாக்கு மிக்க நபராக இருக்கலாம்' என்று எழுதினேன். கடைசியாக மாஸ்கோ போனபோது இடுப்புப் பையில் டாலர் நோட்டாகக் கட்டிக்கொண்டு போனார் என்று பிலோமினா ஆன்ட்டி சொல்லியிருந்தார். 'ரொக்கமாகப் பணம் கடத்துதல்' என்று ஒரு துணைத்தலைப்பு. அவர்கள் குடும்பத்துக்குத் தூத்துக்குடியில் ஒரு படகு உண்டு என்பதும் ஆன்ட்டி சொன்னதுதான். 'படகு' என்ற சொல்லே எனக்குப் போதும். 'உண்மையான உரிமையாளர் யார் என்று தெரியவில்லை' என்று எழுதி, சிவப்பில் அடிக்கோடு போட்டேன். கடைசிப் பக்கத்தில் முடிவு: ஆபத்து அதிகம்.

வியாழக்கிழமை ரயிலில் வரும்போது அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப். "சாப்பிட்டியா?" பதிலாக அறிக்கையை அனுப்பினேன். கூடவே ஒரு வரி: "நீங்க கேட்டது. அவங்க கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிலோமினா ஆன்ட்டி எந்த வரன் சொன்னாலும் இரு வீட்டாரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுவார். பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் இருக்கக் கூடாது. பெரியவர்கள் பேசுகிற இடம். அப்பா இல்லாததால் என்னைப் பெரியவளாக்கிச் சேர்த்திருந்தார். தினமும் காலையில் லில்லிப் பூவும் வேத வசனமும் வந்து விழுந்ததால், அந்தக் குழுவின் சத்தத்தை நான் அணைத்து வைத்திருந்தேன். அம்மாவுக்கோ எந்தக் குழு, எந்த ஆள் என்ற பேதமே கிடையாது. எங்கே விரல் படுகிறதோ அங்கே எழுதுவார். அன்று அவர், "சாப்பிட்டியா?" என்று கேட்டது அந்தக் குழுவில். நான் பதில் போட்டதும் அதே குழுவில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விக்டர் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். விக்டர், அவர் அம்மா, அப்பா மரியதாஸ் அங்கிள். அங்கிள் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தேய்த்து மடிப்பு வைத்தது. விக்டரின் அம்மா கையில் கேக் பெட்டி. அங்கிள் கையில் ஒரு தடிமனான ஃபைல். மனுஷன் ஏதோ இன்ஷூரன்ஸ் விற்க வந்திருக்கிறாரா என்றுதான் நினைத்தேன்.

உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஃபைலைத் திறந்தார். மேலே என் அறிக்கை! அச்செடுத்து, ஓரத்தில் துளை போட்டு, பென்சிலால் கேள்விக்கு எண் போட்டு வைத்திருந்தார்.



"தங்கச்சி கெட்டிக்காரப் பொண்ணு. நல்லா எழுதியிருக்கம்மா" என்றார் அங்கிள். குரலில் கிண்டல் கடுகளவும் இல்லை. அதுதான் கொடுமை. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். இன்ஸ்பெக்டர் ஏறிக் கேட்டா எல்லாத்தையும் காட்டணும். காட்டிட்டா பிரச்சினை இல்ல லா. ஒண்ணாவது கேள்வி, வீடு."

வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு ஓய்வுக்காலச் சேமிப்புத் தாள். பிறகு மூன்று பேருடைய ஞானஸ்நானச் சான்றிதழ். (அதை நான் கேட்கவே இல்லை. இருக்கட்டுமே என்று கொண்டுவந்தாராம்.) அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, "எதுக்குங்க இதெல்லாம்?" என்று பதறினார்.

"இருங்க சம்பந்தி, படகு இருக்கு." ஒரு பழைய படத்தை எடுத்தார். மணலில் சாய்ந்து கிடந்த ஒரு மீன்பிடி வள்ளம், பக்கத்தில் ஒரு நாய். "உண்மையான உரிமையாளர் யாருன்னு கேட்டிருக்கீங்க. என் பெரியப்பா பிள்ளைங்க ஏழு பேரு. மீன் கிடைக்காத அன்னைக்கு யாருமே ஓனர் இல்ல. அந்த நாய்க்கு இதுல பங்கு கிடையாது."

விக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவராகவே சொன்னார், மெதுவாக:

"அஞ்சாம் பக்கத்துல தொப்பி போட்டவரு இருக்காரே, அவரு பேரு கோல்யா. அங்க ஏர்போர்ட்ல மெக்கானிக். தடை வந்த வாரம் நான் அங்கதான் இருந்தேன். திடீர்னு என் கார்டு எதுவும் வேலை செய்யல. ஹோட்டல்ல காசு கட்ட முடியல, சாப்பிட முடியல. நேரா வர்ற பிளேனும் இல்ல. அவருதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நாலு நாள் சோறு போட்டு, இஸ்தான்புல் வழியா டிக்கெட்டும் எடுத்துக் குடுத்தாரு. அடுத்த தடவை போனப்ப நான் ரொக்கமா கொண்டு போனது அவருக்குத் திருப்பிக் குடுக்கத்தான். வாங்க மாட்டேன்னு சண்டை போட்டாரு."

"பிளேன்?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா எனக்கு!

"அதைப் பத்தி அவரும் பேச மாட்டாரு, நானும் கேக்க மாட்டேன். கிறிஸ்மஸுக்கு வாழ்த்து மட்டும் அனுப்பிக்குவோம்."

அந்த நேரம் பார்த்து அக்கா டீத் தட்டோடு வந்தாள். மேசையில் டீ வைக்க இடம் இல்லை, எங்கும் காகிதம். ஒரு தாளை நகர்த்தியவள், அதன் மேல் கொட்டை எழுத்தில் விக்டர் பெயரையும், அடியில் என் பெயரையும் பார்த்தாள். முதல் பக்கத்தை முழுதாகப் படித்தாள். என்னைப் பார்த்தாள். தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அத்தனை வருஷம் கழித்து அவள் ஒரே ஒரு தடவை தனியாகச் சிரித்தாள், அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

"அங்கிள், மன்னிச்சிடுங்க" என்றேன். "இதை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிக்கக் கூடாதும்மா. எங்க பக்கம் ஒரே ஒரு கேள்வி இருக்கு, கேக்கலாமா?" பதினான்கு பக்கத்தையும் விரலை நக்கிக்கொண்டு நிதானமாகப் புரட்டினார். "ரெண்டு தடவை படிச்சேன். இவ்வளவு விசாரிச்சிருக்கீங்க. ரோஸ்லினுக்கு என் பையனைப் பிடிச்சிருக்கான்னு எங்கயும் போடலையே. அது எத்தனாவது பக்கம்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அக்காவிடம் நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு யார் எழுதிய அறிக்கையிலாவது இப்படி ஓர் ஓட்டை இருந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "பிடிச்சிருக்கு அங்கிள்."

அம்மா டீத் தட்டைக் காகிதங்களின் மேலேயே வைத்துவிட்டார்.

"அவளைத்தான் பிடிக்கல" என்றது அதே குரல்.

முதலில் சிரித்தது விக்டர். பிறகு அவர் அம்மா, கேக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு. அங்கிள் மட்டும் சிரிக்காமல் கடைசிப் பக்கத்துக்குப் போய், 'ஆபத்து அதிகம்' என்பதை என்னிடமே பென்சிலைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. அக்கா என்னிடம் பேச ஒன்பது நாள் ஆனது. மாமா (இப்போது அங்கிள் எங்கள் எல்லோருக்கும் மாமா) அந்த வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க விடவில்லை. வீட்டுக்கு எது வாங்கினாலும் பொருளையும் ரசீதையும் படம் பிடித்து அதில் போடுவார். "மின்விசிறி, ஒன்று. என் சேமிப்பிலிருந்து. அப்ரூவ் செய்யவும்." நான் 'அப்ரூவ்ட்' என்று போட்டால்தான் பெட்டியைப் பிரிப்பார். ஒருமுறை வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன். புது டிவி இரண்டு நாள் பெட்டிக்குள்ளேயே இருந்தது, மாமி என்னைப் போனில் வறுத்து எடுத்தார். ஈசூனிலிருந்து புக்கிட் மேரா வரை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். என்னைக் கண்டாலே வாங்கிய பொருளை ஒளித்துவைப்பது போல் நடிப்பார்கள்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு முக்கியமான கூட்டம். போன் மேசைக்கு அடியில் துடித்தது. மாமா ஒரு படம் போட்டிருந்தார். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. கீழே: "பெண் குழந்தை, ஒன்று. மூன்று கிலோ. ரசீது இன்னும் வரவில்லை. சித்தி அப்ரூவ் செய்யவும்."

எனக்குக் கண் மறைத்தது. எழுத்தே தெரியவில்லை. கூட்டத்தில் மேலதிகாரி யாரோ ஒரு கோடீஸ்வரரின் படகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து, அந்தப் படகுக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

மறுபடி போன் துடித்தது. இந்தத் தடவை அக்கா.

"ஏண்டி, என்ன பண்ற? சீக்கிரம் போடு லா. மாமா பிள்ளையைக் கையில தூக்க மாட்டேங்கிறாரு."