இன்னும் ரெண்டு எம்எம்

தொலைபேசி மேஸ்திரி என்றொரு இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஊரில் வீடு எழும்பும். இவர் வேறொரு நாட்டில் சோபாவில் சாய்ந்திருப்பார். கையில் கரணை கிடையாது, காலில் சிமெண்ட் ஒட்டியது கிடையாது, ஆனாலும் அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் திரையில் இவர் முகத்தை ஒருமுறை தரிசித்த பிறகுதான் சுவரில் போய் உட்கார வேண்டும். பேச்சை வைத்தே இனம் காணலாம். "கிட்ட போ. இன்னும் கிட்ட. ரொம்பப் போய்ட்ட, பின்னாடி வா." யூடியூபில் ஒரு வீடியோவைப் பாதி பார்த்தால் போதும், முப்பது வருட அனுபவம் வந்துவிடும். "தப்பா நெனச்சிக்காதீங்க, சும்மா ஒரு சஜஷன்" என்று ஆரம்பித்தால் அது கட்டளை என்று அர்த்தம். அப்பீல் இல்லை.

எடுத்துக்காட்டுக்குப் பூபாலன். மஸ்கட்டில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஜவ்வாது மலையில், காவலூரில், புது வீடு கட்டினார். கட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வீடு முடிந்தது. வாசற்கதவு மட்டும் பாக்கி. காவலுக்கென்று அக்கா தேவயானி அந்த வீட்டில் குடியேறினார். கதவு இருக்க வேண்டிய இடத்தில் தார்ப்பாய். குரங்குகள் அதை விருந்தாளிகளைப் போல மெல்ல விலக்கி உள்ளே வந்து, வாழைப்பழத்தை முடித்து, தோலை மட்டும் நாகரிகமாக விட்டுவிட்டுப் போயின. தேவயானியின் மகள் பிரியதர்ஷினிக்குக் கலசப்பாக்கத்தில் மாதம் ஒன்பது. குரங்கு புகும் வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துவர முடியுமா? வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு அம்மாதான் அங்கே போக முடியுமா? கதவு வந்தால் பூட்டலாம். பூட்டினால் பஸ் ஏறலாம். அவ்வளவுதான் அந்த அம்மாளின் கோரிக்கை.

ஆனால் பூபாலனுக்குச் சாதாரணக் கதவு ஆகுமா? கண்ணமங்கலத்தில் சின்னராஜின் பட்டறையில் சி.என்.சி. மெஷின் இருக்கிறது. கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றி, எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால், மெஷின் பலகையைக் குடைந்து படத்தைப் புடைப்பாக எழுப்பிவிடும். பூபாலன் யானைப் படம் அனுப்பினார். சின்னராஜ் பத்து எம்எம் வைத்து வெட்டினார். அருமையான யானை. பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் தும்பிக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மஸ்கட்டுக்கு வீடியோ கால் போனது.

"இன்னாங்க இது, சப்பையா கீது? மேல ரயில் ஏறின மாதிரி."

"நேர்ல நல்லா எடுப்பா கீது சார். போன்ல அப்படித்தான் தெரியும்."

"எனக்கு பலகை மேல கலர்ல வரைஞ்ச மாதிரிதான் தெரியுது. இன்னும் ரெண்டு எம்எம் இறக்குங்க."

உச்சியில் ஒரு டியூப்லைட், கையில் ஒரு போன். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் மலையே மாவுக்கோலம் போலத்தான் தெரியும். இதை ஒரு தொலைபேசி மேஸ்திரிக்கு எந்த மொழியில் சொல்வது? தேவயானி முயன்றார். "டேய், இந்த போன்ல என் மூஞ்சியே சப்பையாத்தான் தெரியுது. அதுக்கு இன்னா பண்ணப் போற?" தம்பி சிரித்தார். ரெண்டு எம்எம் இறங்கியது. மறுபடி கால். மறுபடி ரெண்டு. யானை நிமிர நிமிர அதைச் சுற்றியிருந்த மரம் பள்ளமாகிக்கொண்டே போனது. தந்தத்தின் நுனி ஒருநாள் ஒடிந்து விழுந்தது. "அது கேரக்டருங்க, காட்டு யானைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று மஸ்கட்டிலிருந்து தீர்ப்பு வந்தது. இருபது எம்எம்மில் முன்பக்கம் ஒருவழியாக அங்கீகாரம் பெற்றது.

காவலூரிலேயே பெரிய தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கிறார்கள். எவ்வளவோ தூரத்து நட்சத்திரம். ஆனால் அங்கே யாரும் நட்சத்திரத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நில் என்று சொல்வதில்லை. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். படித்தவர்கள்.

முன்பக்கம் முடிந்ததா, அப்படியே மாட்டிவிடலாமா? மாட்டிவிட்டால் அவர் என்ன மேஸ்திரி? வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும் அக்காவுக்கு வெறும் பலகையா என்று பூபாலனுக்குப் பாசம் பொங்கியது. பின்பக்கம் தாமரை.

"எனக்கு எதுவும் வாணாம்பா," என்றார் தேவயானி. "பூட்டு மாட்ட ஒரு எடம் கீதா, அது போதும்."

"நீ சும்மா இரு அக்கா. உனக்காகத்தான் பண்றேன்."

பலகையைப் புரட்டிப் போட்டார்கள். தாமரை பத்து எம்எம்மில் பூத்தது. சப்பை. பன்னிரண்டு. சப்பை. கடைசியில் பூபாலன் பொறுமை இழந்தார்.

"நேரா இருபது வைங்க."

"சார், பலகை மொத்தமே முப்பத்தெட்டுதான்."

"தெரியும்ங்க. இருபது போனா மிச்சம் பதினெட்டு கீதே. நான் கணக்கு பாக்காம பேசுவனா?"

"இல்ல சார், முன்னாடி பக்கம் ஏற்கனவே..."

"முன்னாடி பக்கம் சூப்பர்ங்க. அதே மாதிரி போடுங்க. தப்பா நெனச்சிக்காதீங்க."

சின்னராஜும் மனிதர்தானே? பட்டறையில் வேறு நாலு பேருடைய ஜன்னல்கள் வரிசையில் நின்றன. ஒரு வாக்கியத்தை முடிக்க விடாதவரிடம் எத்தனை தரம்தான் ஆரம்பிப்பது? அவர் பலகை, அவர் யானை, அவர் தாமரை. சின்னராஜ் இருபது என்று அடித்தார். பட்டனை அழுத்தினார். டீ குடிக்கப் போய்விட்டார்.

மெஷினுக்கு முன்பக்கமும் தெரியாது, பின்பக்கமும் தெரியாது. கதவை எடுத்துப்போக வண்டியோடு வந்திருந்த தேவயானிதான் முதலில் பார்த்தார். பலகையை நிமிர்த்தியதும் யானையின் காதோரம் ஓர் ஓட்டை. உள்ளங்கை நுழையும் அளவு. அதன் வழியாக எதிர்க்கடை பரோட்டாக்கல் தெரிந்தது.

போன் அடித்தது. சின்னராஜ் கேமராவைக் கதவின் பக்கம் திருப்பினார்.

"ஆங்," என்றார் பூபாலன். முகம் மலர்ந்தது. "இப்பதான் டெப்த்தே தெரியுது. அதுவும் அந்தக் காதாண்ட பாருங்க, வெளிச்சம் மாதிரி ஒரு எஃபெக்ட். இத்தத்தான் நான் மொதல்லேர்ந்து சொல்லிக்கினு கீறேன்."

"வெளிச்சம் மாதிரி இல்ல சார்," என்றார் சின்னராஜ். "வெளிச்சமேதான்."

ஒரு நிமிடம் மஸ்கட்டில் சிக்னல் இல்லை. அல்லது அப்படி ஒரு முகபாவம். பிறகு வந்த முதல் சொல்: "காத்தோட்டம்." புது வீட்டில் சிமெண்ட் ஈரம் காயக் காற்றோட்டம் அவசியமாம். வீடியோ இருக்கிறதாம். அனுப்புகிறாராம்.

தேவயானி அந்த வீடியோவுக்குக் காத்திருக்கவில்லை. கதவை வண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய் மாட்டவைத்தார். ஓட்டையின் மேல் எண்ணெய் டின்னின் மூடியை வைத்து நாலு ஆணி அடித்தார். குரங்கு ஒன்று வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பூட்டினார். சாவியை இடுப்பில் சொருகினார். பஸ் ஏறினார். கலசப்பாக்கத்தில் அவர் இறங்கிய மறுநாளே பேத்தி பிறந்தாள். வேறு யாருடைய ஒப்புதலும் கேட்காமல்.

வீடியோ கால் வந்தது. தேவயானி தொட்டிலின் பக்கம் போனைக் காட்டினார்.

"கொஞ்சம் லெஃப்ட்ல காட்டு அக்கா. கிட்ட போ. பின்னாடி வா." பிறகு தரக்கட்டுப்பாட்டு அறிக்கை. "கொழந்த அழகா கீது. மூக்குதான் கொஞ்சம் சப்பையா..."

"இதுக்கு மேல டெப்த்து வெக்க முடியாதுடா," என்றார் தேவயானி. "போன வை."

சிரிக்கிறீர்கள். நல்லது. இவ்வளவு சிரிப்பவர் எந்த ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கையில் போன் இருக்கிறதல்லவா? கடைசியாக வந்த வீடியோ காலில், ஊரில் இருப்பவரிடம் நீங்கள் சொன்ன முதல் வாக்கியத்தை மட்டும் நினைத்துப் பாருங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டீர்களா, கேமராவைத் திருப்பு என்றீர்களா?

நினைவில்லையா? அங்கே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குக் கை இன்னும் வலிக்கும். அவரைக் கேளுங்கள்.