தம்பி, எப்படிச் செத்தே?

அன்று கடையில் இருந்தவர்கள்: நான். தறி ஓட்டும் சுப்பையா. காலி டீ கிளாஸ் எடுக்க வந்த பக்கத்துக் கடை மாடசாமி. ஊருக்குப் புதுசாக மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர். அவர் பின்னால் ஏட்டையா. மூலையில் குடையை ஊன்றிக்கொண்டு பாலிசி அண்ணாச்சி.

என் கடையைப் பூட்டி சீல் வைக்கலாமா என்று பார்க்க சப்-இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாலிசி அண்ணாச்சி.

சங்கரன்கோவில் தாலுகாவிலேயே சாவைப் பற்றி அவரைப்போலச் சந்தோஷமாகப் பேசிய மனிதர் கிடையாது. இன்சூரன்ஸ் ஏஜென்ட். பழுப்பு ரெக்சின் பை. வெயிலோ மழையோ விரிக்காத குடை. சொந்தப் பெயர் என்னவோ. வீட்டுக்குப் போய்க் கேட்டால் அவர் சம்சாரமே, "பாலிசி இல்லியே, வாசுதேவநல்லூர் போயிருக்கு" என்றுதான் சொல்லும்.

பாலிசி பிடிக்க அவருக்கு ஒரே வழிதான் தெரியும். யார் கடைக்குள் நுழைந்தாலும் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கியளா?"

"இருக்கேன்."

"நாளைக்கு?"

காலையில் கடை திறந்து சாம்பிராணி போடுகிறவனிடம் இப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும்? வாசலோடு விரட்டு கிடைக்கும். ராயகிரியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். சாம்பார் வருவதற்குள் கேட்டுவிட்டார்: "உங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யாரு?" பெண்ணின் தாய்மாமன் கரண்டியோடு எழுந்தார். அண்ணாச்சி பாயசம் குடிக்காமலே பஸ் ஏறினார். குருவிகுளம் பக்கம் போவதையே விட்டுவிட்டார். "அங்கன பூராவும் மானாவாரி. மழையவே நம்பிக்கிட்டு இருக்குதவனுக்கு நான் எதுக்கு?" என்பார்.

இப்படிப்பட்டவர் ஒரு மழை நாளில் என் கடைக்குள் ஒதுங்கினார். அங்கே நிமிஷத்துக்கு ஒருத்தன் செத்துக்கொண்டிருந்தான்.

என் கடை வீடியோ கேம் கடை. எண்பதுகளில் பஸ் ஸ்டாண்ட் எதிர்ச் சந்தில் வைத்திருந்தேன். ஆள் உயரப் பெட்டி. உள்ளே ஒரு டி.வி. முன்னால் ஒரு குச்சி, இரண்டு பொத்தான். ஐம்பது பைசா போட்டால் மூன்று உயிர். பெட்டி என்னுடையது இல்லை, மதுரைக்காரர் ஒருவருடையது. வசூலில் பாதிப் பாதி. சில மாதத்துக்கு ஒரு தடவை அவர் வேனில் வந்து உள்ளே இருக்கும் போர்டை மாற்றிப் போடுவார். அதுதான் எங்கள் ஊரில் புது ரிலீஸ். பேரெல்லாம் இங்கிலீஷில் ஓடும். நான் படித்தது ஐந்தாவது. ஆகவே நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். கல்லு கேம். காரு கேம். முங்கு கேம்.

அந்த மழை நாளில் ஓடியது கல்லு கேம். வானத்திலிருந்து கல் விழும், ராக்கெட் தப்பிக்க வேண்டும். சுப்பையாவின் ராக்கெட் சிதறியது. அண்ணாச்சி குடையை ஊன்றி முன்னால் குனிந்தார்.

"தம்பி, எப்படிச் செத்தே?"

அவ்வளவு அக்கறையாக யாரும் சுப்பையாவைக் கேட்டதில்லை. அவன் திரும்பி, "கல்லு விழுந்து அண்ணாச்சி" என்றான்.

"எந்தப் பக்கம் இருந்து?"

"மேல இருந்து."

"பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன். கை வரல."

"அப்போ உன் தப்பு. கேம் மேல குத்தம் இல்ல."

மழை விட்டது. அண்ணாச்சி போகவில்லை. இருட்டும்வரை நின்று, சாகிறவன் ஒவ்வொருவனையும் விசாரித்தார். மறுநாளும் வந்தார். அதற்குப் பிறகு வராத நாள் கிடையாது.

புது போர்டு வந்தால் யாரும் உடனே காசு போட மாட்டார்கள். யாராவது ஒருவன் ஆடுவான். அண்ணாச்சி பார்ப்பார். மற்றவர்கள் அண்ணாச்சி முகத்தைப் பார்ப்பார்கள். முதல் காட்சி விட்டு வருகிறவனை மறித்து, படம் எப்படி என்று தியேட்டர் வாசலில் கேட்பார்களே, அப்படி பஸ் கண்டக்டர்கள் படியில் தொங்கிக்கொண்டே கேட்டுப் போவார்கள்.

"அண்ணாச்சி, காரு கேம் எப்படி?"

"முன்னால போறவன முட்டிச் செத்தா நம்ம தப்பு. இதுல பின்னால வாரவன்லா முட்டுதான்! பின்னால கண்ணா இருக்கு? மோசடி. காசு போடாத."

பஸ் போய்விடும். என் வியாபாரமும் அதோடு போய்விடும்.

ஏணி கேம் என்று ஒன்று வந்தது. ஒருவன் மாடிக்கு மாடி ஏறுவான். மேலேயிருந்து ஒரு தடியன் பீப்பாய் பீப்பாயாக உருட்டிவிடுவான். அண்ணாச்சி ஒரு வாரம் யோசித்தார். "உருட்டுதவன் யாரு? இவனுக்கும் அவனுக்கும் என்ன தகராறு? கோர்ட்டுக்கு வந்தா கேஸ் நிக்காது" என்றார். பிறகு, "ஆனா உருட்டுததுக்கு முந்தி கையத் தூக்கிக் காட்டுதான். அது ஒரு நாகரிகம். ஆடலாம்" என்றார். அன்று சாயங்காலமே பெட்டி முன்னால் வரிசை நின்றது.

அவர் முழு மனசோடு நல்லது என்று சொன்னது முங்கு கேம் ஒன்றைத்தான். கடலுக்குள் ஒருவன் முங்கி முத்து எடுக்க வேண்டும், முத்துக்குப் பத்து பாயிண்ட். திருக்கை வரும், சுறா வரும். மூச்சு தீரப்போகும்போது டிங் டிங் என்று மணி அடிக்கும். மேலே வந்துவிட வேண்டும். வராவிட்டால் போச்சு.

"இது ஒழுக்கமான கேமு. கொல்லுததுக்கு முந்தி மணி அடிச்சுச் சொல்லுதான். ஊருல எவன் சொல்லுதான்?"

மதுரைக்காரருக்கு இவரைக் கண்டால் ஆகாது. பெரிய விலை கொடுத்து ஒரு போர்டு இறக்கியிருந்தார். சண்டைக் கேம். அண்ணாச்சி அரை மணி நேரம் பார்த்துவிட்டு மோசடி என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் பெட்டியில் பல்லி மட்டும்தான் ஓடியது. மதுரைக்காரர் வேனைவிட்டு இறங்கியதும் கத்தினார்.

"யோவ், இது ஜப்பான்ல பெரிய ஹிட்டுய்யா!"

"இருக்கும். ஜப்பான்காரனுக்கு ஆயுசு சாஸ்தி. அவனுக்கு மூணு உசுரு காணும். நம்ம ஆளுக்குக் காணாது. அஞ்சாக்குங்க."

"உசுரு என்ன கத்திரிக்காயா, கூடப் போட?"

சொன்னாரே தவிர, பெட்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னச் சுவிட்ச். தட்டினார். ஐந்து உயிர் வந்தது. கூட்டமும் வந்தது. மதுரைக்காரர் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஆளுக்கு டீ வாங்கிக் குடுய்யா" என்று சொல்லிப் போனார்.

நான் இந்தக் கடைக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் தறிக்காரன். விசைத்தறியில் இடது கை விரல் இரண்டு போனது. அதற்குப் பிறகு எந்தத் தறிக்கூடத்திலும் எடுக்கவில்லை. வேறு தொழில் தெரியாது. கவனக்குறைவு என்று முதலாளி சொன்னார். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என் வீட்டிலும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கடையில் ஆள் இல்லை. அண்ணாச்சி என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏலே மாரி, எப்படிப் போச்சு?"

சொன்னேன். பெல்ட்டுக்கு மூடி இல்லாததைச் சொன்னேன். நூல் எடுக்கக் கையை விட்டபோது நின்றிருந்த தறியை யாரோ அந்தப் பக்கம் இருந்து ஓட்டிவிட்டதைச் சொன்னேன். கிளெய்ம் விசாரிக்கிறதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். 

"மணி அடிச்சானா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்போ உன் தப்பு இல்ல. மோசடி."

அவ்வளவுதான் பேச்சு. டீ வந்தது. குடித்தோம். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

இனி சப்-இன்ஸ்பெக்டர்.

யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள், என் கடையில் சூதாட்டம் நடக்கிறது என்று. சீல் வைத்தால் பெட்டி மதுரைக்குப் போய்விடும். நான் எட்டு விரலோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். ஏட்டையா கையில் பூட்டு தயாராக இருந்தது.

"காசு போடுறாங்க. ஜெயிச்சா என்ன கொடுப்பே?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணுமே இல்லாததுக்கு எவன்யா காசு போடுவான்?"

 

மூலையிலிருந்து குடை நகர்ந்தது. "ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"நீங்க யாரு? ஆடுறவரா?"

"இல்ல. பாக்க வாரவன்."

"என்னத்தப் பார்ப்பீங்க?"

"இவங்க சாவுதத."

ஏட்டையா ஒரு அடி பின்னால் போனார். 

"ஐயா, சூதாட்டம்னா போட்டது வரும்னு நெனச்சுப் போடுதது. இதுல வராது. சத்தியமா வராது. வராதுன்னு தெரிஞ்சேதான் போடுதான். போனஸ் கெடையாது, முதிர்வு கெடையாது, வாரிசுக்கும் ஒண்ணும் கெடையாது. நான் இருபது வருசமா பாலிசி விக்கேன். இவ்வளவு சுத்தமான நட்டத்த எங்கயும் பாத்ததில்ல."

சப்-இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். பெட்டியைப் பார்த்தார். "சரி, ஒரு தடவை போடு. நானே பார்க்கிறேன்" என்றார்.

முங்கு கேம்தான் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி ஏட்டையாவிடம் கொடுத்தார். குச்சியை லத்தி மாதிரி பிடித்தார். முங்கினார். மணி அடித்தது. செத்தார். முங்கினார். மணி அடித்தது. செத்தார். மூன்றாவதும் அப்படியே. 

திரும்பினார். நேராக அண்ணாச்சியைப் பார்த்தார்.

"எப்படி?"

மாடசாமி பின்னால் நின்று, நல்லா இருந்தது என்று சொல்லும்படி கையை ஆட்டினான். சுப்பையா கண்ணடித்தான். நான் கோயில் சங்கரநாராயண சாமியைக் கூப்பிட்டேன். ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொன்னால் என் கடை பிழைத்துவிடும்.

"ஐயா, மூணு தடவையும் மணி அடிச்சுது. மூணு தடவையும் நீங்க கேக்கல. பூராவும் உங்க தப்பு. கேம் மேல குத்தம் இல்ல."

கடை முடிந்தது என்று நினைத்தேன். சப்-இன்ஸ்பெக்டருக்குக் காது சிவந்தது.  பிறகு ஏட்டையா பக்கம் கையை நீட்டினார்.

"ஐம்பது பைசா இருக்கா?"

ஏட்டையா பூட்டைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் துழாவினார்.

ஒன்றரை மணி நேரம் ஆடினார். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "மணி, ஐயா, மணி!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு தடவை சப்-இன்ஸ்பெக்டர் சுறாவைத் தாண்டி மேலே வந்துவிட்டார். சின்னப் பையன் மாதிரி சிரித்தார். மனு பொய் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். தொப்பியை வாங்கி மாட்டினார்.

அத்தோடு விட்டாரா அண்ணாச்சி? ரெக்சின் பையைத் திறந்தார்.

"ஐயாவுக்கு எத்தன பிள்ளைக?"

 சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

அதற்குப் பிறகு கடை சில வருஷம் நன்றாக ஓடியது. அந்த வருமானத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றினேன். மகள் ஹைஸ்கூல் முடித்தாள். அண்ணாச்சிக்கு நான் என்ன கொடுத்தேன்? டீதான். ஒரு ஆட்டம் ஆடுங்க, காசு வேண்டாம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். ஆட மாட்டார். "பாத்துச் சொல்லுதவன் ஆடக் கூடாதுலே. ஆடிட்டா ஒரு பக்கம் சாஞ்சிருவோம்" என்பார்.

பிறகு வீடியோ டெக் வந்தது. வாடகைக்குக் கலர் டி.வி. எடுத்து வீட்டிலேயே ராத்திரி முழுக்கப் படம் பார்த்தார்கள். கூட்டம் குறைந்தது. பெட்டியை எடுத்துப் போக மதுரைக்காரர் வேனோடு வந்தார். சந்தில் வேன் திரும்புவதற்குள் நான் ஒரு காசைப் போட்டேன்.

"அண்ணாச்சி, ஆடுங்க. இனிமே பாத்துச் சொல்ல ஒண்ணும் வராது."

யோசித்தார். குடையைப் பெட்டியின் மூலையில் மாட்டினார். அது அவர் கையைவிட்டு இறங்கி நான் பார்த்தது அன்றுதான். ஒரு முத்து எடுத்தார். மணி அடித்தது. செத்தார். இன்னொரு முத்து. மணி. செத்தார். மூன்றாவதில் முத்தும் இல்லை.

நான் கேட்டேன். "எப்படிச் செத்திய, அண்ணாச்சி?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"மணி அடிச்சுதா?"

"அடிச்சுது அண்ணாச்சி."

"எனக்குக் கேக்கலியே." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "உள்ளுக்க இருக்கும்போது கேக்காது போல மாரி. அந்த சப்-இன்ஸ்பெக்டர நான் ரொம்பப் பேசிட்டேன்."

குடையை எடுத்துக்கொண்டு ராயகிரி பஸ்ஸுக்குப் போனார்.

இப்போது அவர் இல்லை. பாலிசி அண்ணாச்சி கடைசி நாளில் பத்தாயிரம் பாயிண்ட் எடுத்தார் என்று ஊரில் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் யாருக்காகவும் கூட்டிச் சொல்லாதவர். எனக்காகக்கூடச் சொல்லவில்லை. அவர் விஷயத்தில் நானும் சொல்லக் கூடாது.

இருபது.