படை பிடித்த ஜெர்சிகளைத் துவைத்த கதை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பதினோரு காற்பந்து ஜெர்சிகளைத் துவைத்துக் காயப்போட வேண்டும்.

யாரும் என்னைத் துவைக்கச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

பல்கலைக்கழக விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வீடு என்றால், கோலா சிலாங்கூரில் பஸ் ஏறி, இறங்கி, செம்பனை மரங்களுக்குள் இன்னும் இரண்டு மைல் நடந்தால் வரும் தோட்டம். வந்த முதல் நாள் அண்ணன் மாரி இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தான். இரண்டாம் நாளும் சொறிந்தான். மூன்றாம் நாள் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வட்டம் வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, அழகாகப் படர்ந்திருந்தது படை.

எத்தனை நாளாக என்று கேட்டேன். "கால் இறுதி ஆட்டத்துலேருந்து" என்றான். அவனுக்குக் காலண்டரே காற்பந்துதான். அவன்தான் தோட்டத்து டீமின் கேப்டன்.

மற்றவர்களையும் விசாரித்தேன். ஒருத்தருக்குக் கழுத்தில், ஒருத்தருக்கு அக்குளில், ஒருத்தர் எங்கே என்று சொல்ல மறுத்தார். மொத்த டீமுக்கும் படை.

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. டீமுக்கு இருப்பது ஒரே செட் ஜெர்சி. ஆட்டம் முடிந்ததும் வேர்வையோடு கழற்றி அரிசிச் சாக்கில் திணித்து, கிளப் மூலையில் போட்டுவிடுவார்கள். அடுத்த ஆட்டத்தன்று சாக்கைக் கவிழ்ப்பார்கள். யார் கைக்கு எது வருகிறதோ அது அவருடையது. பாதி ஆட்டத்தில் ஒரே துண்டு பதினோரு கழுத்தையும் சுற்றி வரும்.

முதல் சுற்றிலிருந்து அந்த ஜெர்சிகள் தண்ணீரையே பார்த்ததில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது துவைக்கக்கூடாதாம். அது சட்டமாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடலுக்குப் போய்ப் பேசினேன். நான் பல்கலைக்கழக விவாதக் குழுவில் இருப்பவள். முன்னுரை, மூன்று வாதம், முடிவுரை, எல்லாம் இருந்தது. படை எப்படி வருகிறது, ஈரத்துணியில் எப்படி வளர்கிறது, ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு எப்படித் தாவுகிறது என்று அடுக்கினேன். அனைவரும் சொறிந்துகொண்டே கேட்டார்கள்.

அண்ணன் மட்டும் பதில் சொன்னான். "அதுல மூணு ஆட்டத்து வேர்வை இருக்கு தங்கச்சி. தொவைச்சா ஜெயிப்பும் சேர்ந்து போயிடும்லா."

ஓட்டெடுப்பு நடத்தினேன். பதினொன்றுக்கு ஒன்று. அந்த ஒன்று நான். எனக்கு ஓட்டே கிடையாது என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் இறுதி ஆட்டம், பக்கத்துத் தோட்டத்தோடு. மூன்று வருஷமாக இறுதி ஆட்டத்தில் அவர்களிடமே தோற்றுக்கொண்டிருந்தோம். போன வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் லோரி எங்கள் லயத்து வீட்டு வரிசை வழியாகவே போனது. வேறு வழி இருந்தும். அண்ணன் அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஆகவே அவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆட்டம் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் சனிக்கிழமை காலை, அவர்கள் வேலைக்குப் போன பிறகு, சாக்கைத் திருடினேன்.

வாதத்தில் தோற்றால் அடுத்தது செயல்தானே.

தோட்டத்து டிரசரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். சின்ன ஆஸ்பத்திரியில் தனி ஆளாக இருந்து மருந்து போடுபவர் அவர். முழங்காலைக் காட்ட வருகிறவர்கள் படையைக் காட்டுவதில்லை என்று அவருக்கு ரொம்ப நாளாகவே மனக்குறை. கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போடு, நல்ல வெயிலில் காயவை, ஆளுக்கு ஒரு துண்டு கொடு, ஆட்டத்துக்கு முன்னால் நானே வந்து மருந்து தடவுகிறேன் என்றார்.

பத்து நிமிஷம். தெளிவாகத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் பாதியாக வெட்டிய டிரம் ஒன்று இருந்தது. தண்ணீர் ஊற்றி, விறகு மூட்டி, கொதி வந்ததும் சாக்கை அப்படியே கவிழ்த்தேன். அப்போது கிளம்பிய வாசனையை நான் வர்ணிக்கப் போவதில்லை. பக்கத்து வீட்டுச் சேவல் கூரை மேல் ஏறிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தார்.

சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினால் போகிற வியாதிக்கு எதற்குச் சொக்காயை வேகவைக்கிறாய் என்று கேட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். நானும் விட்டிருக்கலாம்.

இலையில் குணம் இருக்கலாம், ஆனால் துணியில் இருப்பதை இலை என்ன செய்யும் என்று கேட்டேன். உனக்கு ஏழு வயதில் காதுக்குப் பின்னால் வந்ததே, இலைதானே போட்டேன் என்றார். ஒரு ஆள் குணமானது ஆதாரம் ஆகாது என்றேன். அம்மா விரல் விட்டு ஆட்களை எண்ண ஆரம்பித்தார். லயத்தில் பாதிப் பேர் வந்தார்கள். அவர்கள் இலை போடாமலே குணமாகியிருக்கலாமே என்றேன். அப்படியானால் நீ படிக்காமலே பாஸ் ஆகியிருக்கலாமே என்றார்.

இதற்கு நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

பேசிக்கொண்டே விறகைத் தள்ளினேன். பேச்சு ஏற ஏற நெருப்பும் ஏறியது. கடைசியில் அம்மாதான் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, தண்ணி மீன் கொழம்பு மாதிரி செவந்து கெடக்கு?"

மணி பார்த்தேன். ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கம்பால் ஒன்றைத் தூக்கினேன். சிவப்பு ஜெர்சி, வெள்ளைக் காலர், வெள்ளை நம்பர். அப்படித்தான் உள்ளே போனது. வெளியே வந்ததில் சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. பதினொன்றும் கோயில் திருவிழாப் பஞ்சு மிட்டாய் நிறத்தில் இருந்தன. நீளமும் போய்விட்டது. கொடியில் காயப்போட்டபோது, ஏதோ பாலர் பள்ளி எங்கள் வீட்டில் குடியேறியது போல இருந்தது.

அம்மா சீமை அகத்தி பறிக்கப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தான். கொடியைப் பார்த்தான். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தயாராகத்தான் இருந்தேன். அவன் ஒன்றைக் கையில் எடுத்து, மார்போடு வைத்து அளந்து பார்த்தான். தொப்புளுக்கு நாலு விரல் மேலேயே நின்றது.

"இதப் போட்டுக்கிட்டு அவனுங்க முன்னால எப்படித் தங்கச்சி நிக்கிறது?"

மூன்று வாதத்தையும் முடிவுரையையும் விட்டுவிட்டு, ஜெர்சியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

வேறு ஜெர்சிக்கு நேரமில்லை. லோரியில் ஏறினோம். டிரசரும் ஏறினார். வெள்ளைக் களிம்பு தீர்ந்துவிட்டது என்று ஊதா மருந்து பாட்டிலோடு வந்திருந்தார். லோரி குலுங்கக் குலுங்க ஒவ்வொருவராகத் தடவினார். வட்டத்தின் மேல் மட்டும் தடவினால் போதாது, ஓரத்தைத் தாண்டித் தடவ வேண்டும் என்பது அவர் கொள்கை. குலுக்கலில் ரொம்பவே தாண்டியது.

திடலில் இறங்கியபோது எங்கள் டீம் இப்படி இருந்தது: மேலே பஞ்சு மிட்டாய், கீழே திறந்த வயிறு, வயிற்றில் தட்டு தட்டாக ஊதா.

பக்கத்துத் தோட்டம் முழுவதும் சிரித்தது. டீம் சிரித்தது, தேத்தண்ணிக் கடை சிரித்தது. அவர்கள் கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டு, "மாரி, டான்ஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டான்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை.

நேராகத் திடலுக்கு நடுவில் போய் நின்றேன். வியாதியைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று ஆரம்பித்தேன். இது சாதாரணப் படை, யாருக்கும் வரும். உடம்போடு உடம்பு உரசினால் வரும். அடுத்தவர் வேர்வை பட்டால் வரும். சட்டையைப் பிடித்து இழுத்தால்கூட வரலாம். ஆகவே சிரிப்பதை விட்டுவிட்டுச் சுத்தமாக இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று முடித்தேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது. என் விவாத வாழ்க்கையில் எந்தக் கூட்டமும் அவ்வளவு கவனமாக என்னைக் கேட்டதில்லை.

மலாய்க்காரரான ரெஃப்ரி என் பக்கம் திரும்பி, "கூராப்?" என்று கேட்டார். ஆமாம், படைதான் என்று தலையாட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

ஆட்டத்துக்கு முன்னால் கைகுலுக்க வேண்டும். எதிர் டீம் பதினோரு பேரும் கைகூப்பி வணக்கம் வைத்தார்கள்.

விசில் ஊதியதும் அண்ணன் பந்தோடு ஓடினான். எதிரே வந்த ஆள் நின்றான். ஊதாவைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். நகர்ந்து வழிவிட்டான். அடுத்தவனும் அப்படியே. வாழ்க்கையில் முதல் தடவையாக இடிபடாமல் ஓடியதில் அண்ணனுக்கே குழப்பம். கோல் கம்பத்துக்கு முன்னால் வந்து, யாராவது வருவார்களா என்று ஒரு நொடி காத்திருந்துவிட்டு உதைத்தான்.

கோல்கீப்பர் மட்டும் கையுறை போட்டிருந்ததால் தைரியமாக நின்றார். அதனால் மூன்று கோலோடு நின்றது.

அவர்கள் பயிற்சியாளர் கோட்டோரம் நின்று, ஆளைப் பிடிங்கடா, ஒட்டி ஆடுங்கடா என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒட்டுவதுதானே பிரச்சினை.

மூன்று-பூஜ்யம். கோப்பை எங்களுக்கு. திரும்பும்போது எங்கள் லோரி அவர்கள் லயத்து வழியாகவே போனது. அண்ணன் முன்னால் நின்று கோப்பையைத் தூக்கிப் பிடித்தான். ஜெர்சி இன்னும் நாலு விரல் மேலே ஏறியது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நான் மட்டும் அழுதேன் என்று அவன் சொல்வான். கண்ணில் தூசி.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்துத் தோட்டத்து டீம் மொத்தமும் சைக்கிளில் வந்து டிரசர் வாசலில் வரிசையில் நின்றது. ஒருவருக்கும் படை இல்லை. வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். டிரசர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தனித் துண்டு, காய்ந்த துணி, துவைத்த ஜெர்சி, குளித்துவிட்டு விரலிடுக்கு வரை துடைப்பது, எல்லாம் சொன்னேன். ஒருத்தர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதே தெம்போடு எங்கள் டீமைத் தேடிப் போனேன். கிளப்பில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தார்கள். மருந்து ஒரு நாளோடு நிறுத்தக்கூடாது, படை மறைந்த பிறகும் கொஞ்ச நாள் தடவ வேண்டும், கிளம்புங்கள் என்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன்தான் மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"தங்கச்சி, நீ படிச்ச பொண்ணு. அடுத்த வருஷ ஆட்டம் வரைக்கும் இது ஆறாம இருக்க ஏதாச்சும் மருந்து இருக்கா?"