கற்களை இருந்த இடத்திலேயே வைக்கக் கோரி

லோவர் சாக்பரி சர்ச் மாத இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி ரொவீனா ட்ரிம்பிள் அவர்களுக்கு, பழைய தபால் நிலைய மாடியில் குடியிருக்கும் நேதன் பின்னகர் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாக இருக்கிறீர்கள். நேற்று உங்கள் பாய்லரைச் சரிசெய்ய வந்தபோது நேரிலேயே பார்த்துவிட்டேன். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை அடுத்த இதழில் ஒரு வரி குறைக்காமல் போட வேண்டும்.

என் அப்பா பிப்ரவரியில் காலமானார். நாங்கள் குடியிருந்த ஸ்விண்டனில் தகனத்துக்கு வந்தவர்கள் நான், பக்கத்து வீட்டுக்காரர், அடுத்து நடக்கவிருந்த வேறொருவர் தகனத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்ட ஒரு பெரியவர். ஜெபப் பாட்டைச் சரியாகப் பாடியது அந்தப் பெரியவர்தான். "நாம சாக்பரிக்காரங்கடா" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, ஒருநாளும் இந்தப் பக்கம் வந்ததில்லை. பஸ் சரியில்லை என்பார். எனக்கு அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவருடைய சாம்பலையாவது சொந்தக்காரர்கள் பக்கத்தில் வைப்போம் என்று ஏப்ரலில் இங்கே அறை எடுத்தேன். பின்னகர் குடும்பத்தார் யாராவது இருந்தால் தொடர்புகொள்ளவும் என்று உங்கள் இதழில் அறிவிப்புக் கொடுத்து, கீழே என் பெயரோடு 'லிஃப்ட் பொறியாளர்' என்றும் போட்டேன். அதைப் போட்டிருக்கக் கூடாது. ஊரே தொடர்புகொண்டது, பின்னகர் மட்டும் இல்லை. டோஸ்டர், தண்ணீர் பம்பு, காது கேட்கும் கருவி, சர்ச் ஆர்கனுக்குக் காற்றடிக்கும் மோட்டார் என்று ரிப்பேருக்கு ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு சமையலறையிலும் டீ கொடுத்து, ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் போட்டோவைக் காட்டினார்கள். பின்னகர்களைப் பற்றிக் கேட்டால், "அவங்கல்லாம் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆச்சே தம்பி, அப்படியே அந்த ஃபியூஸையும் பாத்துடுங்க" என்பதுதான் பதில்.

ஆள் கிடைக்காவிட்டால் போகிறது, பெயர் பொறித்த கல்லாவது கிடைக்கட்டும் என்று கல்லறைத் தோட்டத்தில் தேடினேன். கிழக்குச் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருக்கும் கற்களில் ஒன்றில் ஜோசையா பின்னகர் என்று இருந்தது. அப்பாவுடைய தாத்தாவின் அப்பா. பாசியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் சீஸ் சாண்ட்விச்சோடு அங்கே போய் உட்கார்ந்தேன். மறைப்பானேன், பேசவும் செய்தேன். அப்பா கடைசி மாதம் சாப்பிட மறுத்தது, நான் அவரைத் திட்டியது, அவர் செத்த பிறகும் நான் கடையில் இரண்டு பேருக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருப்பது, எல்லாம் சொன்னேன். ஜோசையா குறுக்கே பேசாத ஆள். எனக்கு அது பிடித்திருந்தது.

நம் பாதிரியம்மாவுக்கு ஆறு ஊர் சர்ச் பொறுப்பு என்பதால், சாம்பலைப் புதைக்கும் அனுமதியைக் காரிலிருந்து இறங்காமலே கொடுத்துவிட்டுப் போனார். போன சனிக்கிழமை மண்வெட்டியோடு சுவரோரம் போனேன். சர்ச் நிர்வாகி டென்ஸில் ஆர்ச்சர்ட் மெஷின் மேல் உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, உருளைக்கிழங்கு போடுறீங்களா?"

"அப்பாவ வைக்கப் போறேன். ஜோசையா பக்கத்துல."

அவர் மெஷினை அணைத்தார். "அங்க ஜோசையா இல்லையேப்பா."

"கல்லு இருக்கே."

"கல்லு இருக்கு. எழுபத்து நாலுல எல்லாக் கல்லையும் புடுங்கி இங்க சாத்திட்டோம். நடுவுல நின்னா மெஷின் போகாது பாருங்க. பாக்க லட்சணமா இருக்கட்டும்னு உயரப்படி அடுக்கினோம்."

"அப்ப ஆளுங்க?"

"ஆளுங்க எங்க போவாங்க. இருந்த இடத்துலதான்."

"அது எந்த இடம்?"

அவர் அந்தப் புல்வெளி முழுவதையும் கையை வீசிக் காட்டினார். "இதுல."

திருமதி ட்ரிம்பிள், ஒரு லிஃப்டைக் கழற்றும்போது எந்த ஒயர் எங்கிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டாமல் கழற்றினால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். நீங்கள் ஒரு ஊரையே கழற்றி உயரப்படி அடுக்கியிருக்கிறீர்கள். ஏப்ரலிலிருந்து நான் மனசைக் கொட்டினதெல்லாம் ஒரு சுவத்துக்கிட்ட. அந்தப் பக்கம் கோழிக்கூண்டு. கேட்டா, "கோழிங்க வெளியில சொல்லாது, கவலப்படாதீங்க"ன்னு டென்ஸில் ஆறுதல் சொல்றாரு. ஊர்ல ஒருத்தருக்காவது இதை என்கிட்ட முன்னாலயே சொல்லணும்னு தோணலையா? டோஸ்டர் கொடுக்கும்போதாவது சொல்லியிருக்கலாமே.

ஆகவே, எல்லாக் கற்களையும் அவை இருந்த இடத்தில் உடனே திரும்ப நட வேண்டும் என்று உங்கள் இதழ் மூலம் கோருகிறேன். இல்லையென்றால் மாதக் கடைசியில் அப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்விண்டனுக்கே போய்விடுவேன். அங்கேயும் எங்களுக்கு யாரும் இல்லைதான், ஆனால் அங்கே யாரும் கல் வைத்து ஏமாற்றவில்லை.

தங்கள் கணவருக்கு என் மரியாதை, பூனைக்கு என் அன்பு. கடவுள் தங்கள் இல்லத்தையும் அதன் குழாய்களையும் காக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
நேதன் பின்னகர்

பி.கு.: கடிதத்தை இதழில் போட வேண்டாம். நேற்றிரவு உறையை ஒட்டும்போது டென்ஸில் மாடியேறி வந்தார். "மேற்கு மூலை மட்டும் வேணாம், தண்ணி நிக்கும். மத்தபடி எங்க தோண்டினாலும் யாராவது ஒருத்தர் பக்கத்துலதான் வரும், உங்க ஆளாக்கூட இருக்கலாம். கல்லு மட்டும் கேக்காதீங்க" என்றார். இன்று காலை புல்வெளி நடுவில் அப்பாவை வைத்துவிட்டோம். டென்ஸிலுக்கு மூட்டுவலி, மெஷின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆகவே கற்கள் சுவரோரமே இருக்கட்டும். யாராவது ஒரு கல்லை நகர்த்தினாலும் என்னிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சனிக்கிழமைகளில் நடுவில் ஓரிடத்தில் மட்டும் நான் ஏன் மெஷினை அவ்வளவு மெதுவாக ஓட்டுகிறேன் என்று யாரும் கேட்க வேண்டாம். அதை மட்டும் ஒரு வரியாக இதழில் போட்டால் போதும்.